நாலு மணி வடை ஆசை

பின்னேரம் நாலு மணியானால் கொழும்பு வெள்ளவத்தைக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து வடை கூப்பிடும். ஆயுர்வேதக் கணக்கில் பகல் 2 முதல் 6 மணி வரை, உடலை ஆளும் மூன்று தோஷங்களில் (வாதம், பித்தம், கபம்) ஒன்றான வாதத்தின் நேரம். வாதத்தின் குணம் வறட்சியும் குளிர்ச்சியும். அதைத் தணிப்பவை இனிப்பு, புளிப்பு, உப்பு. நாக்கு தேடுவதும் அதைத்தான். ஆனால் மிக்சர், முறுக்கு என்று மொறுமொறுப்பாகக் கொறித்தால் வறட்சி கூடும் என்பார்கள். சூடான இஞ்சித் தேத்தண்ணீரோடு இரண்டு பேரீச்சம்பழம் எடுத்துப் பாருங்கள். நான் கொட்டையை நீக்கி, நெய்யில் ஒரு பிரட்டுப் பிரட்டுவேன். ஓரம் லேசாகக் கருகினால் இன்னும் ருசி. (சீனி வருத்தம் உள்ளவர்கள் பழத்தை விட்டுவிடுங்கள்.) கொழும்பு வெக்கையில் நாக்கு உறைப்பும் புளிப்புமாக அச்சாறு கேட்டால், அது பித்தத்தைக் கிளப்பும். அன்றைக்குச் செவ்விளநீர்தான் சரி.