வண்டி வாங்கப் போகும் துணைக்குத் துணையாக இருப்பது எப்படி

வாழ்க்கைத் துணை ஒருநாள் "மோட்டார் சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன்" என்று சொல்லும்போது, நம் வாயிலிருந்து முதலில் வரும் சொல் பெரும்பாலும் பயத்தின் சொல்லாகவே இருக்கிறது. என் மனைவி அப்படிச் சொன்ன அன்று நான் "இப்ப எதுக்கு?" என்று கேட்டேன். அதன் பிறகு இரண்டு வாரம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆசை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். போகவில்லை, என்னிடம் சொல்வதுதான் நின்றுபோயிருந்தது. ஆகவே, துணையின் விருப்பத்தைக் கேட்ட உடனே சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல், அந்த விருப்பத்தை விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதே முதல் வேலை. தினமும் வேலைக்குப் போய்வரவா, வார இறுதியில் நெடுந்தூரம் போகவா, தனியாகவா, இருவருமாகவா என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்கள்தாம் வண்டியின் எடை, இருக்கையின் உயரம், இன்ஜினின் திறன் ஆகிய அனைத்தையும் பின்னால் முடிவு செய்யப் போகின்றன.

கேட்டு முடித்த பிறகு உங்கள் பயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்த பயம் பிறகு சிடுசிடுப்பாகவும் நச்சரிப்பாகவும்தான் வெளியே வரும். இரண்டாம் முறை பேச்சு வந்தபோது என் மனைவி, "நீங்க எதுக்குப் பயப்படுறீங்கன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க" என்றார். சொல்லச் சொல்ல அவரே ஒரு தாளில் எழுதினார்: மழை, இரவு, கனரக வாகனங்கள், கடன். மொத்தமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த ஒன்று நான்கு வரிகளாக ஆனதும், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யலாம் என்று பேச முடிந்தது. முதல் ஆறு மாதம் இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்டுவதில்லை என்பதும், மழை வலுத்தால் ஓரமாக நிறுத்திவிடுவது என்பதும், பயிற்சி முடியும் வரை முன்பணம் கட்டுவதில்லை என்பதும் அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவுகள். எவ்வளவு பேசியும் உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. வாயால் சம்மதித்துவிட்டு, அவர் சாவியை எடுக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வது மறுப்பைவிடக் கொடியது. மனக் கலக்கத்தோடு சாலைக்குப் போகிறவரின் கவனம் சாலையில் இருக்காது.

பயிற்சியைப் பற்றி நான் சற்று அழுத்தியே சொல்வேன். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஏறக்குறைய 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்து, 1981-இல் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவே ஓட்டப் பழகியவர்கள், அல்லது வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கற்றவர்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு, விபத்துக்குள்ளான அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லை. ஆபத்து எதிரே வந்தபோது பலர் பின் பிரேக்கை மட்டும் முழு பலத்தோடு மிதித்து, முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காமல் விட்டிருந்தார்கள். அறிக்கை பழையது, சாலைகளும் வண்டிகளும் மாறிவிட்டன. ஆனால் பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குச் சாய்வதும், அதனால் நிறுத்தும் வலிமையில் பெரும்பகுதி முன் பிரேக்கில் இருப்பதும் மாறவில்லை. கையால் அதைப் படிப்படியாக இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் திடலில் பலமுறை செய்து பார்த்தால்தான் உடம்பில் ஏறும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. யோசிப்பதற்கு அங்கே இடமில்லை.

ஆகவே நீங்கள் தரும் முதல் பரிசு பயிற்சிக் கட்டணமாக இருக்கட்டும். முடிந்தால் கூடவே போய் ஓரமாக நின்று பாருங்கள். என் மனைவி முதல் நாள் வளைவில் வண்டியைச் சாய்த்துக் கீழே போட்டார். ஓடிப்போய்த் தூக்கிவிடக் கால் பரபரத்தது. பயிற்சியாளர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் இருக்கைக்கு அருகிலுள்ள கம்பியையும் பிடித்து, இடுப்பால் இருக்கையை அழுத்தியபடி சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நகர்ந்து என் மனைவியே அதை நிமிர்த்தினார். அன்றைக்கு அவர் முகத்தில் கண்ட நம்பிக்கையை நான் ஓடிப்போய்த் தூக்கியிருந்தால் கெடுத்திருப்பேன். கூட இருப்பது வேறு, கையைப் பிடித்துக்கொள்வது வேறு.

அடுத்தது ஹெல்மெட். 1935-இல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று புகழ்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தபோது அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெயர்ன்ஸ், அந்தச் சாவு மனத்தை விட்டு நீங்காமல், வண்டி ஓட்டிகளின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, தலைக்கவசத்தின் அவசியத்தை 1941-இல் எழுதினார். பிற்காலத்தில் 61 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஹெல்மெட் இறப்பின் வாய்ப்பை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காயத்தின் வாய்ப்பை 69 சதவீதமும் குறைப்பது தெரியவந்தது. ஆனால் சரியான அளவில் இல்லாத ஹெல்மெட் விழும்போது கழன்றுபோகும். கடையில் போட்டுப் பார்க்கும்போது கன்னச் சதை சற்று அமுங்க வேண்டும். வாரை மாட்டிய பிறகு பின்புற விளிம்பைப் பிடித்து முன்னோக்கி இழுத்தால் கழன்று வரக் கூடாது. கால் மணி நேரம் அதைக் கழற்றாமலே கடைக்குள் நடக்கச் சொல்லுங்கள். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்த தடம் விழுந்து வலித்தால் அந்த வடிவம் அவர் தலைக்குப் பொருந்தவில்லை என்று பொருள். ஒருமுறை விபத்தில் அடிவாங்கிய ஹெல்மெட், வெளியே கீறலே இல்லாவிட்டாலும் உள்நுரை நசுங்கியிருக்கும் என்பதால், மறுபடி பயன்படாது. கையுறை, முழங்கை தோள் காப்பு உள்ள ஜாக்கெட், கணுக்காலை மூடும் காலணி ஆகியவற்றையும் வண்டிக்கான பணத்திலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். மிச்சம் இருந்தால் வாங்கலாம் என்று தள்ளினால் மிச்சம் இருக்காது.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது அவருடைய உரிமை. நீங்கள் செய்யக்கூடியது அவர் கவனிக்க மறந்ததைக் கவனிப்பது. இருக்கையில் அமர்ந்தால் கால்கள் தரையில் உறுதியாகப் பதிகின்றனவா, இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை அவரால் பின்னுக்குத் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் உள்ளதையே வாங்கும்படி நான் வற்புறுத்தினேன். வற்புறுத்தியது அது ஒன்றைத்தான். பழைய வண்டி என்றால், நீங்கள் வரும் வரை இன்ஜினைச் சூடாக்காமல் வைத்திருக்கும்படி விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் விதத்தில்தான் பல குறைகள் தெரியும். முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்களான முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவும், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருப்பதும் செலவு வரப்போவதைச் சொல்பவை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண் ஆவணத்தில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, தவணைத் தொகையை மட்டும் பார்க்காமல் காப்பீடு, சர்வீஸ், டயர் ஆகியவற்றையும் ஓராண்டுக்குக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் பின்னால் சண்டை வராது.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகும் நம் பங்கு முடிந்துவிடுவதில்லை. புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் முதல் 150 கிலோமீட்டர் வரை வளைவுகளில் நிதானம் வேண்டும்; இதை ஒருமுறை சொன்னால் போதும், தினமும் சொல்லத் தேவையில்லை. அவர் தனியாக ஓட்டி நன்றாகப் பழகும் வரை பின்னால் உட்காராதீர்கள். கூடுதல் எடை ஏறினால் வண்டி நிற்கும் தூரமும் திரும்பும் விதமும் மாறிவிடும். உட்காரும் நாள் வந்ததும், அவர் தலையசைத்த பிறகே ஏறுங்கள். வளைவில் அவர் சாயும் பக்கமே உங்கள் உடலும் சாயட்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி அவர் நினைத்த பாதையில் போகாது. சிக்னலில் நிற்கும்போது கால்களைக் கீழே ஊன்றாமல் ஃபுட்ரெஸ்டிலேயே வைத்திருங்கள்.

அவர் கிளம்பிய பிறகு போனில் அழைக்காதீர்கள். சட்டைப் பையில் அதிரும் போன் ஒரு நொடியாவது அவர் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கச் செய்யும். போய்ச் சேர்ந்ததும் ஒரு சொல் அனுப்பும் ஏற்பாடு எங்களுக்குள் இருக்கிறது. "வந்தாச்சு" என்று வரும் வரை நான் போனை மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறேன்.