பாயிலின் காற்றுப் பம்பு: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுவர்த்தி அணைந்ததையும் பறவை துவண்டதையும் சொல்லிவிட்டு, 17ஆம் நூற்றாண்டு அறிவியலாளர் ராபர்ட் பாயில் குடுவையிலிருந்து காற்றை வெளியேற்றப் பயன்படுத்திய பம்பை விளக்கிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். குடுவைக்குக் கீழே இருந்த பித்தளை உருளையைப் பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு. கருவியின் அறிவு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

உருளை சுமார் 14 அங்குல நீளம், 3 அங்குல உள்விட்டம். பிஸ்டனைக் கீழே இழுக்கும்போது வெளிக்காற்று அதை மேல்நோக்கித் தள்ளும். கணக்கிட்டால் அந்த விசை ஏறக்குறைய 47 கிலோ எடைக்குச் சமம். வெறுங்கையால் திரும்பத் திரும்ப அதை இழுக்க முடியாது. அதனால்தான் பற்சட்டமும் (பற்கள் வெட்டிய நேர்ச்சட்டம்) பற்சக்கரமும் கைப்பிடியும் வைத்தார்கள். அவற்றை அலங்காரமாக நினைத்துப் படத்தில் விட்டுவிடாதீர்கள்.

வால்வுகள் தாமாகத் திறந்து மூடின என்று எழுதுவதும் தவறு. குடுவைக்கும் உருளைக்கும் நடுவே இருந்த திருகு குழாயை மூடி, பிஸ்டனைக் கீழே இறக்கி, குழாயைத் திறந்து குடுவைக் காற்றை உருளைக்குள் விட்டு, மீண்டும் மூடி, பக்கத்துத் துளையின் அடைப்பை எடுத்து, பிஸ்டனை ஏற்றி அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். எல்லாமே கைவேலை. குடுவை ஏறக்குறைய 28 லிட்டர் கொள்ளும்; ஒரு சுற்றில், அப்போது உள்ளே இருக்கும் காற்றில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் குறையும். கசிவே இல்லாவிட்டாலும் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க நாற்பதுக்கு மேற்பட்ட சுற்றுகள் தேவை. முழு வெற்றிடம் கிடைத்தது என்று ஒருபோதும் எழுத வேண்டாம்.

கசிவு இருந்தது, நிறையவே இருந்தது. பிஸ்டனைச் சுற்றித் தோல், இணைப்பில் கீலும் (தார் போன்ற பிசின்) குங்கிலியமும் மரச்சாம்பலும் சேர்த்த பூச்சு, இடுக்குகளில் எண்ணெய் என்று போராடினார்கள். பாயிலின் அடுத்த பம்பில் உருளையையே நீருக்குள் அமிழ்த்தினார்கள். இந்தப் போராட்டத்தைச் சொல்லாத விளக்கம் எனக்குப் பாதி விளக்கம்தான்.

பாயில் தனியாகச் செய்தார் என்பதும் சரியல்ல. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் ஓட்டோ வான் கெரிக்கே முன்பே பம்பு செய்திருந்தார். அந்தச் செய்தியே பாயிலைத் தூண்டியது. கருவி செய்பவரான ரால்ஃப் கிரேட்டோரெக்ஸின் முயற்சி கைகூடாமல் போக, 1659இல் வேலை செய்யும் வடிவத்தைக் கொடுத்தவர் பாயிலின் உதவியாளர் ராபர்ட் ஹூக். அவர் பெயரை விடுவது அநியாயம்.

1662இல் வெளியான பாயில் விதியின் (அழுத்தம் கூடினால் காற்றின் கனஅளவு அதே விகிதத்தில் குறையும் என்பது) அளவீடுகளையும் இந்தப் பம்போடு குழப்ப வேண்டாம். காற்றை அழுத்திப் பார்த்த அளவீடுகள் பாதரசம் ஊற்றிய வளைந்த கண்ணாடிக் குழாயில் எடுக்கப்பட்டவை. இரண்டு உருளைகள் அருகருகே நிற்கும் படம் கிடைத்தால், அதை ஹூக் செய்த 1659 கருவி என்று போடாதீர்கள். அதில் இருந்தது ஒரே உருளை.