சிகாகோவில் ஸ்பானிஷ் பேசும் சொந்தங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி? படிப்படியாக ஒரு விளக்கம்

என் கணவர் பிறந்து வளர்ந்தது டெக்சஸின் சான் அன்டோனியோவில். அவருடைய பாட்டி மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்திலிருந்து வந்தவர். சான் அன்டோனியோவில் இருந்தவரை ஸ்பானிஷைத் தேடிப் போக வேண்டிய தேவையே எங்களுக்கு வந்ததில்லை. பக்கத்து வீடு, பேருந்து, மருந்துக்கடை என்று எங்கு நின்றாலும் அது காதில் விழும். வேலைக்காக சிகாகோ வந்து நகர மையத்தில் ஓர் அடுக்குமாடியில் குடியேறினோம். அதன்பின் ஆறு மாதம் அவர் வீட்டுக்கு வெளியே ஒரு ஸ்பானிஷ் வார்த்தைகூடப் பேசவில்லை. ஒருநாள் பாட்டி போனில் கேட்ட கேள்விக்கு எங்கள் மகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பாட்டிக்குப் புரியவில்லை. என் கணவர் அன்று இரவு சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

மறுநாள் தேட ஆரம்பித்தது நான்தான். மெக்சிகோ, கொலம்பியா, புவேர்ட்டோ ரிக்கோ குடும்பங்களில் வாழ்க்கைப்பட்ட தமிழர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டில் இரண்டாவது மொழி ஒன்று வாடிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக, எங்களுக்குக் கைகொடுத்ததை வரிசையாக எழுதுகிறேன். ஊர் சிகாகோ, வேறு ஊரில் இருப்பவர்கள் தெருப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

படி 1: 'ஹிஸ்பானிக்' என்று தேடுவதை நிறுத்துங்கள்

நான் செய்த முதல் தவறு இதுதான். அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் வேலைவாய்ப்புக் கூட்டங்களும் சனிக்கிழமை இரவு நடன விருந்துகளும்தான் வந்து விழும். அப்படி ஒரு விருந்துக்குப் போனோம். பாட்டுச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியவில்லை. இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டோம்.

ஹிஸ்பானிக் என்பது அமெரிக்க அரசுப் படிவத்தின் சொல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்ததே 1980-இல்தான். ஸ்பானிஷ் மொழி வழி வந்தவர்கள் ஹிஸ்பானிக். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் லத்தீனோ. ஸ்பெயின்காரர் முதலாவதில் வருவார், இரண்டாவதில் வரமாட்டார். போர்த்துகீசியம் பேசும் பிரேசில்காரர் அதற்கு நேர்மாறு. ஆனால் வீட்டில் பலர் தங்களை இந்தச் சொற்களால் அழைத்துக்கொள்வதில்லை. நான் மிச்சோவகான், நான் ஹலிஸ்கோ, நான் போன்சே என்று ஊரைச் சொல்வார்கள். அதனால் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள்: எந்த நாடு, அதில் எந்த மாநிலம் அல்லது ஊர். தேடலை அந்த ஊர்ப்பெயரிலிருந்து தொடங்குங்கள்.

படி 2: தெருவைக் கண்டுபிடியுங்கள்

சிகாகோ மக்களில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேர் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ. அப்படியிருந்தும் நகர மையத்தில் ஆறு மாதம் அது எங்கள் கண்ணில் படவில்லை. அவர்கள் இருந்த தெருவுக்கு நாங்கள் போகவில்லை, அவ்வளவுதான். மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

பில்சன்: பிங்க் லைன் ரயிலில் 18-ஆம் தெரு நிலையத்தில் இறங்குங்கள். நிலையத்தின் படிக்கட்டுச் சுவரிலிருந்தே ஓவியங்கள் ஆரம்பித்துவிடும். பெயர் செக் நாட்டு பில்சன் நகரிலிருந்து வந்தது. செக் குடியேறிகள் வாழ்ந்த பேட்டை அது. 1960-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகம் கட்டுவதற்காக அருகிலிருந்த குடியிருப்புகளை இடித்தபோது, அங்கிருந்த மெக்சிகோக் குடும்பங்கள் பல இங்கே வந்தன. இப்போது வாடகை ஏறி, அதே குடும்பங்களில் பல மறுபடியும் இடம் மாறிவிட்டன. புதிதாக வருபவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 18-ஆம் தெருவில் ஒரு பெரியவர் பழைய கடைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனால், அவசரப்படாமல் கேளுங்கள்.

லிட்டில் வில்லேஜ்: ஊர்க்காரர்கள் 'லா வியீதா' என்பார்கள். நகர மையத்திலிருந்து 60-ஆம் எண் பேருந்து பில்சன் வழியாக 26-ஆம் தெருவுக்குப் போகும். தெருவின் குறுக்கே 'பியென்வெனீதோஸ்', அதாவது நல்வரவு, என்று எழுதிய வளைவு நிற்கிறது. அன்றாட மளிகை, துணிமணி, முடிவெட்டு எல்லாவற்றுக்கும் நான் இங்கேதான் வருகிறேன். முதல்முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை பில்சனைவிட இதுவே, ஏனென்றால் இங்கே ஸ்பானிஷ் பேசுவதுதான் இயல்பு, ஆங்கிலத்துக்கு மாறுவதுதான் விதிவிலக்கு.

ஹம்போல்ட் பார்க்: அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட தீவான புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களுக்கு. டிவிஷன் தெருவில் 1995-இல் நிறுவிய 59 அடி உயர எஃகாலான புவேர்ட்டோ ரிக்கோக் கொடிகள் இரண்டு, தெருவின் மேல் வளைந்து நிற்கின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட பகுதிதான் பசேயோ போரிக்குவா. இங்கே யாரிடமும் எப்போது அமெரிக்காவுக்குக் குடியேறினீர்கள் என்று கேட்காதீர்கள். புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். சாப்பிட வேண்டியது ஹிபாரித்தோ: ரொட்டிக்குப் பதில் பச்சை வாழைக்காயைத் தட்டையாக நசுக்கிப் பொரித்து, நடுவில் இறைச்சியும் பூண்டும் வைத்த சாண்ட்விச். தீவிலிருந்து வந்த பழைய பதார்த்தம் என்று நினைத்தேன்; 1990-களில் சிகாகோவிலேயே பிரபலமானது என்று பிறகுதான் தெரிந்தது. வாழைக்காய் என்பதால் என் அம்மாவுக்கும் அது பிடித்துப்போனது.

படி 3: பேக்கரியில் தொடங்குங்கள்

இந்தப் படியை மட்டும் தவறவிடாதீர்கள். மெக்சிகோப் பேக்கரிக்குப் பனாதெரியா என்று பெயர். உள்ளே நுழைந்ததும் 'புவேனோஸ் தீயாஸ்' என்று கடைக்கே பொதுவாக வணக்கம் சொல்ல வேண்டும். மதியத்துக்கு மேல் 'புவேனாஸ் தார்தெஸ்'. சொல்லாமல் போனால் யாரும் கோபிக்கமாட்டார்கள், ஆனால் சொன்னால் நாலு தலை திரும்பிப் பதில் சொல்லும். வாசல் பக்கம் வட்டத் தட்டும் இடுக்கியும் அடுக்கியிருக்கும். எடுத்துக்கொண்டு, வேண்டியதை நீங்களே தட்டில் வைத்து, கல்லாவில் கொடுத்தால் எண்ணிப் பையில் போட்டுத் தருவார்கள்.

மேலே சிப்பி ஓடு போல் சர்க்கரைக் கோடு போட்டது கோன்ச்சா. காது வடிவில் மொறுமொறுப்பாக இருப்பது ஓரேஹா. பன்றிக்குட்டி வடிவில் இருக்கும் மர்ரனீத்தோவில் பிலோன்சியோ சேர்ப்பார்கள். அது கரும்புச் சாற்றைக் காய்ச்சிய வெல்லமேதான். முதல் கடியிலேயே அந்த மணம் எனக்குத் தெரிந்துவிட்டது.

இனி முக்கியமான விஷயம். ஒரே கடைக்கு, ஒரே கிழமை, ஒரே நேரத்துக்குப் போங்கள். நாங்கள் ஞாயிறு காலை ஒன்பது மணி என்று வைத்துக்கொண்டோம். முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது வாரம் கல்லாவில் இருந்த அம்மா என் மகளிடம் ஸ்பானிஷில் பெயர் கேட்டார். அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஐந்தாவது வாரம் பெயரைச் சொன்னாள். எட்டாவது வாரம் 'உங்கள் குடும்பம் எந்தப் பக்கம்?' என்று அந்த அம்மா என் கணவரைக் கேட்டார். மிச்சோவகான் என்றதும் எந்த ஊர் என்றார். ஊரைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவை விட்டு வெளியே வந்துவிட்டார். தன் அக்காவைக் கட்டிக்கொடுத்தது அதற்கு அடுத்த ஊர் என்றார். நாங்கள் தேடியது அங்கேதான் கிடைத்தது. வேறு வேறு கடையாகச் சுற்றியிருந்தால் கிடைத்திருக்காது.

பெரியவர்களிடம் எப்போதும் 'உஸ்தெத்' போட்டே பேசுங்கள். நம் 'நீங்கள்' போன்றது அது. 'தூ' என்பது நம் 'நீ'; பெரியவர்களே சொல்லச் சொன்னால் மட்டும். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேசையைக் கடந்தால் 'ப்ரொவேச்சோ', அதாவது நன்றாகச் சாப்பிடுங்கள், என்று சொல்லுங்கள், முன்பின் தெரியாதவராக இருந்தாலும்.

படி 4: இலவசமான இரண்டு அருங்காட்சியகங்கள், ஒரு நூலகம்

பில்சனில் உள்ள தேசிய மெக்சிகோக் கலை அருங்காட்சியகத்தை 1982-இல் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஏற்படுத்தினார்கள்; 1987-இல் கதவு திறந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. இலையுதிர் காலத்தில் நடக்கும் முவெர்த்தோஸ், அதாவது இறந்தோர் நாள், கண்காட்சிக்குக் கட்டாயம் போங்கள். இறந்தவர்களுக்குப் படம், பூ, பிடித்த தின்பண்டம் வைத்து அமைக்கும் படையலை ஒஃப்ரெந்தா என்பார்கள். செவ்வந்திப்பூவைக் குவித்துவைத்திருந்த ஒரு படையலின் முன் நின்றபோது எனக்கு என் தாத்தாவுக்கு வீட்டில் படைப்பது நினைவு வந்தது. அந்த ஆண்டு எங்கள் வீட்டு ஒஃப்ரெந்தாவில் அவர் படத்தையும் வைத்தோம்.

ஹம்போல்ட் பூங்காவின் பழைய குதிரை லாயக் கட்டடத்தில் புவேர்ட்டோ ரிக்கோக் கலைக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. பில்சனில் லொசானோ கிளை நூலகத்தில் ஸ்பானிஷ் புத்தகங்கள் அலமாரி அலமாரியாக உண்டு. குழந்தைகளுக்கான கதை நேரம் எப்போது என்று அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையைவிட, கூட வரும் பெற்றோரோடு உங்களுக்கு ஏற்படும் பழக்கம்தான் பெரிய லாபம்.

படி 5: ஊர்ச் சங்கம், கோயில், வகுப்பு: ஏதாவது ஒன்று

மூன்றிலும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டாம். மெக்சிகோக்காரர்கள் தங்கள் ஊர்ப்பெயரில் நடத்தும் சங்கங்கள் சிகாகோவில் ஏராளம். ஊரில் ஒரு சாலை, ஒரு தேவாலயக் கூரை என்று பணம் சேர்த்து அனுப்புவார்கள். அவர்கள் நடத்தும் நிதி விருந்துக்குச் சீட்டு வாங்கிப் போவதுதான் எளிய நுழைவாயில். படி 1-இல் எழுதிய அந்த ஊர்ப்பெயர் இங்கேதான் வேலை செய்யும்.

கத்தோலிக்கர் என்றால் ஸ்பானிஷ் திருப்பலி எந்த நேரம் என்று பார்த்துப் போங்கள். பில்சனில் 1977 முதல் புனித வெள்ளியன்று 18-ஆம் தெருவிலேயே சிலுவைப் பாதையை நடித்துக்காட்டுகிறார்கள். நம்பிக்கை இல்லாதவர்களும் ஓரமாக நடந்து வரலாம்.

இசை பிடிக்குமென்றால் போம்பா வகுப்பு. புவேர்ட்டோ ரிக்கோவின் ஆப்பிரிக்க வழி மரபு அது. தாளத்துக்கு ஏற்ப ஆடுவதுதானே வழக்கம்? போம்பாவில் ஆடுபவர் அடியெடுத்து வைக்க, மேளக்காரர் அதைப் பார்த்து அடிப்பார். 1971-இல் தொடங்கிய செகுந்தோ ரூயிஸ் பெல்விஸ் பண்பாட்டு மையம் இந்த மரபை வளர்த்துவரும் இடங்களில் ஒன்று.

படி 6: நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்

செப்டம்பர் 16 மெக்சிகோவின் சுதந்திர தினம். மே 5 அது அல்ல. 1862-இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையை வென்ற நாள். நவம்பர் 1, 2 இறந்தோர் நாட்கள். டிசம்பர் 12 மெக்சிகோக்காரர்கள் வணங்கும் குவாதலூப்பே மாதாவின் திருநாள். அதற்கு முந்தைய இரவிலிருந்தே சிகாகோவின் புறநகரான டெஸ் ப்ளெய்ன்ஸில் உள்ள அவர் திருத்தலத்துக்குக் குளிரில் நடந்தே வருபவர்கள் உண்டு. டிசம்பர் 16 முதல் 24 வரை போசாதா: மரியாளும் யோசேப்பும் தங்க இடம் தேடியதை நினைவுகூரும் இரவுகள். ஜனவரி 6 குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள்.

ஒரு எச்சரிக்கை. 2025-இல் குடியேற்ற அதிகாரிகளின் கெடுபிடியால் சிகாகோவில் சில ஊர்வலங்களும் விழாக்களும் ரத்தாயின, சில தள்ளிப்போயின. கிளம்பும்முன் நடக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். விழாவில் அறிமுகமில்லாதவர்களின் முகம் தெரியப் படம் எடுத்துப் போடாதீர்கள். யாரிடமும் விசா, காகிதம் பற்றிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: உங்கள் வீட்டுக் கதவைத் திறங்கள்

ஜனவரி 6 அன்று ரோஸ்கா என்ற வளைய ரொட்டியை வெட்டுவார்கள். உள்ளே குழந்தை இயேசுவின் சின்னப் பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் அது வருகிறதோ, அவர் பிப்ரவரி 2 அன்று எல்லாருக்கும் தமாலே, அதாவது சோளத்தோலில் சுற்றி ஆவியில் வேகவைத்த சோளமாவு, செய்து போட வேண்டும். ஒரு விருந்திலேயே அடுத்த விருந்துக்கு ஆள் குறித்துவிடும் வழக்கம் இது. பேக்கரி அம்மா எங்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். பொம்மை என் மகளின் துண்டில் வந்தது.

பதினாறு பேருக்கு எண்பது தமாலே. முந்தின நாள் இரவே சோளத்தோலை வெந்நீரில் ஊறப்போட்டோம். மாவைப் பன்றிக்கொழுப்போடு சேர்த்து என் கணவர் கை வலிக்கப் பிசைந்தார். சான் அன்டோனியோவிலிருந்து பாட்டி வீடியோவில் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு டம்ளர் தண்ணீரில் மாவைக் கிள்ளிப் போடு, மிதந்தால் பதம், மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும் என்றார். என் மகள் கிள்ளிப் போட்டாள். இரண்டு முறை மூழ்கியது. மூன்றாவது முறை டம்ளரைப் போன் பக்கம் தூக்கிக் காட்டி, ஸ்பானிஷில் சொன்னாள்: "பாட்டி, மிதக்குது, பாருங்க."