கற்பனை உலகத் திருவிழாக்களுக்கு ஒரு குறுக்கு வழி

கற்பனை உலகத்துக்குப் பண்டிகைகள் உருவாக்கும்போது தெய்வங்களின் பெயரை யோசிக்கும் முன் ஒரு தாளில் அந்த உலகத்தின் ஓராண்டை வரையுங்கள். மிக நீண்ட பகல், மிக நீண்ட இரவு, விதைப்பு, அறுவடை ஆகிய நான்கையும் குறித்து, விழாக்களை அவற்றின் மேல் பொருத்துங்கள்.

மக்களுக்கு எப்போது ஓய்வு, எப்போது களஞ்சியம் நிறையும், எப்போது இருட்டு அச்சுறுத்தும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். சடங்குக்கான காரணத்தைத் தனியாகத் தேட வேண்டியதில்லை.

விழா சூரியனைப் பின்பற்றுகிறதா, நிலவையா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். நம் நிலவைப் போன்றது என்றால் 12 நிலவு மாதங்களுக்குச் சுமார் 354 நாட்கள்தான். சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. இடையில் கூடுதல் மாதம் சேர்க்காவிட்டால் சுமார் 33 ஆண்டுகளில் விழா எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். பாட்டி பனியில் இருந்த நோன்பைப் பேத்தி கடும் வெயிலில் இருப்பாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கதைக்கு அவ்வளவு உயிர் தரும்.

போர் வெற்றி, அரசர் பிறந்தநாள் போன்ற விழாக்களுக்கு இது பொருந்தாது. அவை எந்த நாளிலும் வரலாம். பருவமே மாறாத உலகத்துக்கும் உதவாது.