பழைய ஃபேமிலி கார்: நான் அறுபதாயிரம் ‘மிச்சம் பிடித்த’ கதையும் வேறு சில தவறுகளும்

போன மாதம் எங்கள் தெருத் தம்பி ஒருவர் செல்போனை நீட்டி ஏழு சீட் உள்ள ஒரு வெள்ளை எர்டிகாவைக் காட்டினார். “பி.ஒய். வண்டிண்ணே, நம்ம ஊர் ரேட்டை விட அறுபதாயிரம் கம்மி” என்றார். பி.ஒய். என்றால் புதுச்சேரிப் பதிவு, நாங்கள் இருப்பது கடலூரில். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2019-ல் என் மனைவியிடம் நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான், தொகைகூட மாறவில்லை.

டயரைப் பார், ஆயிலைப் பார், மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போ என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அது உங்கள் மாமனாரே சொல்லுவார்.

டிக்கியைத் திறந்து பார்க்காமல் ஏழு சீட் என்று மயங்குவது

ஒரு காலத்தில் டிக்கி நீண்ட எஸ்டேட் கார்கள் நம்மிடமும் இருந்தன. பலேனோ ஆல்டுரா, இண்டிகோ மரீனா. சவப்பெட்டி வண்டி மாதிரி இருக்கிறது என்று கிண்டல் பண்ணியே அவற்றை ஒழித்துவிட்டோம். இப்போது ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் எர்டிகாதான். ஆனால் 2012-ல் வந்த முதல் எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கியில் 135 லிட்டர் இடம்தான், அதாவது இரண்டு பை. 2018 கடைசியில் வந்த புது மாடலில் 209 லிட்டர். சி.என்.ஜி. வண்டி என்றால் அந்த இடத்தில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். பாட்டியையும் அரிசி மூட்டையையும் ஒன்றாக ஏற்ற முடியாது, ஏதாவது ஒன்றுதான்.

பி.ஒய். வண்டிக்கு டி.என். வண்டி மாதிரி விலை பேசுவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2019-ல் வில்லியனூர் பக்கம் ஒரு புரோக்கர் மூலமாக 2014 மாடல் டீசல் எர்டிகா வாங்கினேன். அதே மாடல் டி.என். 31 வண்டிக்குக் கடலூரில் ஐந்தேகால் லட்சம் சொன்னார்கள், இது நாலு அறுபத்தைந்துக்குப் படிந்தது. வண்டியில் ஒரு குறையும் கிடையாது, அதை இன்றைக்கும் சொல்வேன். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் உரிமையாளர் கையெழுத்துப் போட்டிருந்தார், தேதி மட்டும் போடவில்லை. “அண்ணே, கடலூர்ல எவ்வளவு பி.ஒய். வண்டி ஓடுது, யார் கேக்கப் போறா? விக்கிறப்ப இதே ஃபார்மை அப்படியே கை மாத்தி விட்ரலாம்” என்றார் புரோக்கர். ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லித் தக்காளிக்காரரிடம் பத்து நிமிடம் வாதாடுகிற நான், இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த விலை ஏன் குறைந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். புதுச்சேரியில் வாழ்நாள் சாலை வரி நம் பக்கத்தை விடக் குறைவு. புதிதாக வாங்கும்போதே வண்டி அந்த அளவுக்குக் குறைவாக வந்து நிற்கும், பழசாக விற்கும்போதும் அந்த வித்தியாசம் கூடவே வரும். கடலூரில் வைத்து ஓட்டினால் இங்கே வரி கட்டியாக வேண்டும். ஆக, எனக்கு மிச்சமான அறுபதாயிரம் விற்றவர் விட்டுக்கொடுத்த பணமே இல்லை, நான் தமிழ்நாட்டுக்குக் கட்ட வேண்டிய பாக்கி. இருபது சொச்சம் கிலோமீட்டர்தானே, பெட்ரோல் போடப் போகிற மாதிரி கார் வாங்கவும் போய்விட்டு வருகிறோம், நடுவில் மாநில எல்லை இருப்பது ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டும்போதுகூட மண்டையில் ஏறுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே பதிவெண் வாங்க வேண்டும். அதற்கு முதலில் பதிவான ஊரிலிருந்து என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று வேண்டும், அது ஃபார்ம் 28. அதை உரிமையாளர்தான் கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பேப்பரை வைத்திருப்பவர் உரிமையாளர் இல்லை, ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு வாகனச் சோதனையில் மாட்டியபோதுதான் ஆர்.சி.யை ஒழுங்காகப் படித்தேன். அதில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் அடமானம் அப்படியே நின்றது. கடன் என்றைக்கோ அடைந்துவிட்டதாம், ஆனால் ஃபார்ம் 35 கொடுத்து யாரும் அதை நீக்கவில்லை. அதை நீக்காமல் என்.ஓ.சி.க்கு வழியில்லை. உரிமையாளரைத் தேடினால் மகளோடு பிரான்ஸில் இருக்கிறார், புதுச்சேரிக் கதைதான். ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஓ.டி.பி. அவருடைய பழைய நம்பருக்குப் போகிறது, அந்த சிம் செத்து வருடமாகிறது. புரோக்கர் போனை எடுப்பதில்லை. முத்தியால்பேட்டையில் இருந்த உரிமையாளருடைய தம்பி ஒரு நல்ல மனுஷர், அவர் இல்லாவிட்டால் இந்த வண்டி இன்றைக்கும் பி.ஒய். நம்பரோடு என் வீட்டு வாசலில் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். கூரியரில் கையெழுத்து, கம்பெனிக் கடிதம், செல்போன் நம்பர் மாற்றம், அப்புறம் என்.ஓ.சி., அப்புறம் இங்கே வரி. வரி மட்டும் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. ஏஜென்ட் கூலி, அலைச்சல் எல்லாம் சேர்த்து எண்பத்து மூன்றாயிரம், ஏழு மாதம். வீட்டில் இன்னமும் தக்காளி வாங்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அதனால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வண்டி எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். அடமானம் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, அபராதப் பாக்கி உண்டா என்று பாருங்கள். வண்டியின் முதல் இன்வாய்ஸ் விலையையும் வயதையும் வைத்து நம் ஊரில் வரி எவ்வளவு வரும் என்று விசாரித்து, அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். புரோக்கரிடம் பேசுவதோடு நிறுத்தாமல் உரிமையாளரை நேரில் பாருங்கள். என்.ஓ.சி. கைக்கு வருகிறவரை ஒரு நல்ல தொகையை நிறுத்தி வையுங்கள். விற்பவரும் இதற்குச் சம்மதிப்பதுதான் அவருக்கு நல்லது, ஆர்.சி.யில் பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுக்குப் பொறுப்பு பதிவில் இருக்கிற உரிமையாளர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது.

நீங்கள் புதுச்சேரியிலேயே குடியிருப்பவர் என்றால் இந்த எல்லை தாண்டும் தலைவலி கிடையாது, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு பி.ஒய். வண்டியைத் தாராளமாக ஓட்டுங்கள். அதற்காக அங்கிருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

தெருத் தம்பியை உரிமையாளர் நம்பரைக் கேட்கச் சொன்னேன். “அவரு ஊர்ல இல்ல” என்று பதில் வந்தது. அதற்கப்புறம் புரோக்கர் கூப்பிடவே இல்லை.

மழையில் நின்ற வண்டி

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்தபோது புதுச்சேரி ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் கார்கள் எப்படி நின்றன என்று எல்லோரும் பார்த்தோம். இரண்டு நாளில் தென்பெண்ணை பொங்கி கடலூர்ப் பக்கமும் வந்துவிட்டது. அந்த வண்டிகளும் ஒருநாள் விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தையும் போல்ட்டையும் தடவிப் பாருங்கள். கால் வைக்கிற மேட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். உள்ளே மல்லிகை சென்ட் தூக்கலாக அடித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். 2024 டிசம்பரில் என்ன வேலை பார்த்தார்கள் என்று சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள்.

அடியில் புத்தம்புதுக் கறுப்புப் பெயிண்ட்

உப்புக்காற்றில் கிடந்த வண்டிக்குத் துருவை மறைக்க அடிப்பது. சாவியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வேண்டாம் என்று விற்பவர் பதறினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

ஆர்.சி. முடியும் தேதி

சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம். 2012 வண்டிக்கு அது 2027-ல் முடிகிறது. புதுப்பிக்கிற செலவு உங்கள் தலையில்தான்.

நோ கிளெய்ம் போனஸ்

இன்சூரன்ஸில் கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் தள்ளுபடி அது, விற்றவருடையது. உங்களுக்கு வராது.

இருட்டிய பிறகு வண்டி பார்ப்பது

காலையில் போங்கள்.