ஊதாத் திட்டும் கழுத்து வளையங்களும்

பழைய வீடியோ கேம்களை இணைப்பதற்காகப் பிக்சர் டியூப் டிவிகளை இளைஞர்கள் இப்போது தேடி வாங்குகிறார்கள். என் கடைக்கு வருபவற்றில் பாதி, 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கொடுத்த 14 அங்குலப் பெட்டிகள். மூலையில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டோடு வந்தால் எனக்குக் கவலையில்லை. "நானே கொஞ்சம் சரிசெய்து பார்த்தேன் அண்ணே" என்றால்தான் வயிற்றைக் கலக்கும். தொழில் பழகும் வயதில் நானும் அந்தக் 'கொஞ்சம்' செய்தவன்.

திட்டைப் போக்கப் போய் ஆட்கள் செய்யும் தவறுகள்தான் கீழே. ஷாக் அடிக்கும், பிளக்கைப் பிடுங்கு என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும் என்று தெரியாதவர் பின்மூடியைக் கழற்றவே வேண்டாம்.

கழுத்து வளையங்களைத் திருகுவது

டியூபின் கழுத்தில், எலக்ட்ரான் கற்றைகளைத் திரையெங்கும் வளைத்துவிடும் கம்பிச்சுருளான யோக்குக்குப் பின்னால், மூன்று ஜோடி வளையங்கள் இருக்கும். காது வைத்தாற்போல் துருத்திக்கொண்டு, திருப்பிப் பார் என்று கூப்பிடும். எல்லாமே காந்தங்கள். ஒரு ஜோடி, ஒவ்வொரு கற்றையும் தன் நிறத்தில் மட்டும் விழச் செய்யும் பியூரிட்டிக்கு; மற்ற இரண்டும் மூன்று நிறக் கற்றைகளையும் ஒன்றுசேர்க்கும் கன்வர்ஜென்சுக்கு. தொழிற்சாலையில் அந்த ஒரு டியூபுக்கென்றே நிறுத்தி, பெயின்ட் தொட்டு ஒட்டிய வேலை. பெயின்ட் உடையாமல் இருந்தால் வளையம் நகரவில்லை என்று அர்த்தம். அப்புறம் அதில் கைக்கு என்ன வேலை?

என் கைக்கு இருந்தது. 21 அங்குலப் பெட்டி, கீழ் மூலையில் உள்ளங்கை அளவு ஊதா. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பியூரிட்டி வளையத்தைத் திருப்பினேன், திட்டு நகர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் திருப்பினேன், பாதித் திரை பச்சையாகிவிட்டது. பதறி அடுத்த ஜோடியைத் தொட்டதும் எழுத்துகளுக்கு ஒரு பக்கம் சிவப்பு ஓரமும் மறுபக்கம் நீல ஓரமும் முளைத்தன. எது எங்கே இருந்தது என்று ஒரு கோடுகூடப் போட்டுவைக்கவில்லை.

முதலாளி திட்டவில்லை. போர்டிலிருந்து போசிஸ்டர் என்ற சிறு பாகத்தைக் கழற்றி என் காதருகே குலுக்கினார். உள்ளே வில்லை உடைந்து கடகடத்தது. திரைக்குப் பின்னால் இருக்கும் துளைத் தகட்டில் காந்தம் ஏறினால் கற்றை தடம் மாறிப் பக்கத்து நிறத்தில் விழும். காந்தத்தை இறக்கத்தான் டியூபைச் சுற்றி டீகாசிங் காயில் ஓடுகிறது. போசிஸ்டர் குளிர்ந்திருக்கும்போது காயிலுக்கு மின்சாரம் விடும், சூடேறியதும் ஒடுக்கிவிடும். சுவிட்சைப் போட்டதும் கேட்கும் 'டும்' அதுதான். அன்று அந்தச் சத்தம் வரவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். போசிஸ்டர் மாற்றப் பத்து நிமிடம் ஆனது. நான் கலைத்த வளையங்களைச் சேர்க்க அவருக்கு இரண்டு மாலை போயிற்று.

டியூபையோ யோக்கையோ மாற்றியிருந்தால் வளையத்தைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். அப்போதும் அரை மணி நேரம் ஓடவிட்டு, காந்தம் இறக்கி, மார்க்கரால் கோடு போட்டு, திரையில் சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு.

ரிமோட்டிலேயே அணைப்பது

பல பெட்டிகளில் மெயின் சுவிட்சைப் போடும்போதுதான் காயில் வேலை செய்யும். ரிமோட்டில் அணைத்தே பழகிய வீடுகளில் காந்தம் மாதக்கணக்கில் இறங்குவதே இல்லை. மெயினை அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். உடனே போட்டால் போசிஸ்டர் சூடாகவே இருக்கும், பலனில்லை.

கைக் காயிலைத் திரையருகே அணைப்பது

கையில் பிடித்துக் காந்தம் இறக்கும் காயில் இது. வட்டமாகச் சுழற்றியபடியே இரண்டு மீட்டர் பின்வாங்கிய பிறகுதான் பொத்தானை விட வேண்டும். கிட்டத்தில் விட்டால் முன்பைவிட அதிகமாகக் காந்தம் ஏறும்.

ஸ்பீக்கரை ஒட்டி வைப்பது

நகர்த்துங்கள்.

திரை முழுவதும் மஞ்சளானால் காந்தத்தைச் சந்தேகிப்பது

அது திட்டு அல்ல, நீலம் வரவில்லை. போன வாரம் ஒரு பையன் கொண்டுவந்த பெட்டியில், டியூபின் வாலில் மாட்டும் சிறு போர்டில் ஒரு காலின் ஈயம் விட்டிருந்தது. சால்டர் வைத்ததும் நீலம் வந்துவிட்டது. எழுத்துகளுக்கு மட்டும் சிவப்பு ஓரம். நிமிர்ந்து பார்த்தேன். "கொஞ்சம்தான் அண்ணே திருப்பினேன்" என்றான்.