மீட் (போட்டி) இல்லாத மாசத்துல நீச்சல் புள்ளைய பண்ணுத தப்பு

எங்க அக்கா மவன் தாமிரபரணில நீச்சல் படிச்சவன். குறுக்குத்துறைல இந்தக் கரைல விழுந்தா அந்தக் கரைலதான் ஏறுவான், எங்க தெருவுல அவன முந்த ஆளு கிடையாது. ஆனா பாளையங்கோட்டைல நீச்சல் குளத்துல போட்டின்னு இறங்குனா நாலாவது அஞ்சாவதுதான் வருவான். ஏன்னு எங்களுக்கு வெளங்கவே இல்ல, ஒரு நா குளத்தோரமா நடந்துக்கிட்டே போன்ல வீடியோ எடுத்துப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, தலை முன்னாடி பாத்து நிமிந்து நிக்கி, இடுப்பும் காலும் தண்ணிக்குள்ள தொங்கிக்கிட்டு வருது.

ஆத்துல அது தப்பு இல்ல. எதுக்க பாறை இருக்கா சுழி இருக்கான்னு பாத்துத்தான் போவணும். குளத்துல அதுவே பிரேக்க அமுக்கிக்கிட்டு வண்டி ஓட்டுத மாதிரி ஆயிருது, தலை ஏறுனா இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்குனா முழு ஒடம்பையும் தண்ணி புடிச்சு நிப்பாட்டும். வேகம் ரெண்டு மடங்கானா தண்ணியோட எதிர்ப்பு கிட்டத்தட்ட நாலு மடங்காகும், அதனால வெறும் தெம்ப வச்சு மல்லுக்கட்டி ஒண்ணும் ஆவாது.

இந்த மாதிரி பழக்கத்த மாத்துததுக்கு ஏத்த நேரம் மீட் இல்லாத மூணு நாலு மாசம்தான். ஏன்னா தலைய இறக்கி, கை போடுதத மாத்துனா முதல்ல டைம் இன்னும் மோசமாத்தான் வரும். அடுத்த வாரம் ஸ்டேட் மீட்ட வச்சுக்கிட்டு எந்தப் புள்ளைக்கும் அந்தத் தைரியம் வராது. ஆனா நம்ம ஆளுக என்ன பண்ணுதாவன்னா, அந்த மாசங்கள்ளயும் தினம் ஸ்டாப்வாட்ச்ச கையில வச்சுக்கிட்டு "இன்னைக்கு எத்தன செகண்டு"ன்னு கேக்காவ. புள்ள பயந்துபோயி பழைய மாதிரியே நீந்த ஆரம்பிச்சிருவான். அப்பா அம்மாமாருக்கு இத கெஞ்சியே சொல்லுதேன், அந்த நேரத்துல டைம கேக்காதீங்க, எத்தன கை போடுதான்னு எண்ணுங்க. எங்க பையன் 25 மீட்டருக்கு 27 கை போட்டுக்கிட்டு இருந்தான், ரெண்டரை மாசத்துல அதே வேகத்துக்கு 21 ஆச்சு. டைம் தானா பின்னாடியே வந்துச்சு.

அடுத்த தப்பு, தினமும் ஒரே வேகத்துல லேப் லேப்பா போட்டுத் தள்ளுதது. ரெண்டு கிலோமீட்டர் முடிச்சோம்னு மனசுக்குத் திருப்தியா இருக்கும், ஆனா ஒடம்பு படிக்கது அந்த நடுத்தர வேகத்தத்தான். ஸ்டாமினாவுக்கு நிதானமா நீளமா நீந்துத நாள் வேணும், இல்லங்கல. அதோட வாரத்துல ரெண்டு நாளாவது 25 மீட்டர முழு வேகத்துல அடிச்சு, மூச்சு நல்லா அடங்குத வரைக்கும் நின்னு, மறுபடி அடிக்கணும். எட்டு தடவ போதும், கை தளந்து ஸ்டைல் கலைய ஆரம்பிச்சுட்டா அதோட நிப்பாட்டிருங்க.

சுவத்த யாரும் கண்டுக்கிடுததே இல்ல, எனக்கு ரொம்ப ஆத்தாமை இதுதான். கெணத்துலயும் ஆத்துலயும் படிச்ச புள்ளையளுக்கு சுவர்னா தொட்டு மூச்சு வாங்குத எடம். போட்டில டைவ விட்டா அடுத்தபடியா வேகமா போவுத நேரமே சுவத்த மிதிச்சுத் தள்ளுன அந்த நொடிதான், நீந்தும்போது கூட அவ்வளவு வேகம் கிடையாது. ரெண்டு கையையும் காதோட ஒட்டி நீட்டி அம்பு மாதிரி போவணும். ப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளைல 15 மீட்டர் வரைக்கும் தண்ணிக்குள்ளயே போவலாம்னு ரூல் இருக்கு, நம்ம புள்ளைய மூணு மீட்டர்லயே மேல வந்து மூச்ச இழுத்துட்டு, வந்த வேகத்த எல்லாம் தொலைச்சிருதுவ.

இதச் சொன்னவுடனே சிலர் தனியா முங்கி மூச்சடக்கிப் பழக ஆரம்பிச்சிருதாங்க. வேண்டவே வேண்டாம். வேகவேகமா மூச்ச இழுத்து விட்டுட்டு முங்குனா கார்பன் டை ஆக்சைடு கொறஞ்சிரும், மூச்சு விடணும்னு நம்மள முட்ட வைக்கது அதுதான். அது கொறைஞ்சா எச்சரிக்கையே இல்லாம தண்ணிக்குள்ள மயக்கம் வந்துரும், நல்லா நீந்துதவங்களே இப்படிப் போயிருக்காங்க. கோச் பக்கத்துல நிக்கும்போது மட்டும்தான், அதுவும் சுவத்துல இருந்து நாலஞ்சு டால்பின் கிக் (ரெண்டு காலையும் சேத்து அடிக்குதது) அளவுக்குத்தான்.

பேடில் (கைல மாட்டிக்கிட்டு நீந்துத தகடு): பெரிய சைஸ் வாங்கி மாட்டிவிட்டா தோள்பட்டை போயிரும். தோளுக்குள்ள சுருக்குன்னு வலிச்சா அன்னைக்கு கை வேலையே கூடாது. தண்டால், புல் அப், ஸ்குவாட் இதெல்லாம் ஒடம்பு எடைல செஞ்சாலே சின்னப் புள்ளையளுக்குப் போதும்.

சீசன் முடிஞ்சதும் ஒரு ரெண்டு வாரம் ஓய்வு நல்லது, அதையே மூணு மாசமா இழுத்தா தண்ணிப் பிடி விட்டுப்போயிரும். அதுக்காக விட்டுப்போனது திரும்ப வராதுன்னும் நினைக்காதீங்க. நெய்வேலில வளர்ந்த நீச்சல் வீரர் சஜன் பிரகாஷ் 2020 லாக்டவுன்ல தாய்லாந்துல மாட்டிக்கிட்டு மாசக்கணக்கா குளத்துல இறங்க முடியாம இருந்தாரு, அடுத்த வருஷம் ஜூன்ல ரோம்ல 200 மீட்டர் பட்டர்ஃப்ளைய 1:56.38ல முடிச்சு ஒலிம்பிக்குக்கு நேரடியா ஏ தகுதி எடுத்தாரு, இந்திய நீச்சல்ல அதுக்கு முன்னால யாரும் எடுத்ததில்ல.

ஐப்பசி கார்த்திகைல குளத்துத் தண்ணி குளிருதுன்னு ஆத்துக்குப் போறவங்க இருக்காங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல ஆறு என்ன பண்ணுச்சுன்னு இந்த ஊருல எல்லாருக்கும் தெரியும். தண்ணி கலங்கி வருத நாள்ல புள்ளைய வீட்டுலயே இருக்கட்டும், சுவத்துல முதுக ஒட்டி நின்னு கைய காதோட நீட்டி ஸ்ட்ரீம்லைன் பழகட்டும், முதுகும் தலையும் கையும் சுவத்துல ஒட்டுதான்னு நீங்க பக்கத்துல நின்னு பாருங்க.